அந்த நிர்வாகி யாருங்க?

ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. ஜேடர்பாளையம் தடுப்பணையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குளித்துக் கும்மாளமிட்டு, வறுத்த மீனைத் தின்று, முள்ளை அங்கேயே போட்டுவிட்டு வீடு திரும்பியது. பெரிய வாய்க்காலிலும் தண்ணீருக்குக் குறைவில்லை. அதிலிருந்து பிரிகிற கீழ்மடைக் கிளை வாய்க்காலில் மட்டும் ஓணான்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. இதென்னய்யா அநியாயம் என்று கேட்டால், தாள் வரவில்லை என்றார்கள்.

சென்னியம்மாளுக்கு இது விளங்கவில்லை. அந்தக் கிளை வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறது அவளுடைய வெற்றிலைக் கொடிக்கால். புருஷன் லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் கொடிக்கால் முழுக்க அவள் பொறுப்பு. பிள்ளைக்குப் பால் கொடுக்க மறந்தாலும் கொடிக்குத் தண்ணீர் விட மறக்காதவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர். வாழை பொறுக்கும், தென்னை பொறுக்கும். வெற்றிலைக் கொடி பொறுக்காது. வேர் காய்ந்தால் போயிற்று, மறுபடி கொடி படர அகத்தி விதைத்து, கொடி நட்டு, ஏற்றிக் கட்டி, முதல் இலை கிள்ளுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். கிணறு அடிமண் தெரிய வற்றிவிட்டது. இலைகள் ஓரம் சுருண்டு, பச்சை வெளிற ஆரம்பித்திருந்தன. கீழ்மடைக்குத் தண்ணீர் முறை வந்து, திறக்கலாம் என்று மேலே முடிவும் செய்தாயிற்று. பிறகு என்ன கேடு?

மதகுக்குப் போனாள். அங்கே லஸ்கர் கந்தப்பன் மதகுத் திருகுக்கு கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். மதகைத் திறந்து மூடுவதுதான் லஸ்கருடைய வேலை. சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது.

"ஏனுங்ணா, மொறை வந்துருச்சுல்ல, தொறந்து உடறதுக்கென்னங்க?"

"தொறக்கத்தான் அம்மிணி கிரீசு போட்டு வெச்சிருக்கறன். தாளு வரோணுமில்ல?"

"என்ன தாளுங்க?"

கந்தப்பன் கிரீஸ் கையை உதறிவிட்டு விளக்கினார். முன்பெல்லாம் அதிகாரி ஸ்கூட்டரை நிறுத்தாமலே 'தொறப்பா' என்பார், இவர் திறந்துவிடுவார். இப்போது அலுவலகம் கணினிமயமாகிவிட்டது. வாய் வார்த்தை செல்லாது. கையால் எழுதினால் செல்லாது. செல்போனில் அனுப்பினாலும் செல்லாது. மூலையில் கறுப்புக் கட்டமெல்லாம் போட்ட திறப்பாணை கணினியிலிருந்து தாளில் இறங்கி வரவேண்டும். போன முறை அதிகாரியின் பேச்சை நம்பித் திறந்ததற்குக் கந்தப்பனுக்கு ஒரு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதித் தரச் சொல்லி ஊர் ஊராக ஆள் தேடி அலைந்தார்.

"எனக்குப் பென்சன் வர்ற நேரமுங்க அம்மிணி. தாளக் காட்டுங்க, இந்தா இப்பத் தொறக்கறன்" என்றார். பாவம், அவரைக் கோபித்து என்ன பயன்? சென்னியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள்.

கீழ்மடைப் பாசன ஒழுங்குமுறை அலுவலகம் என்றால் ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கட்டடம், ஒரு வேப்பமரம், 'முழுவதும் கணினிமயமாக்கப்பட்டது' என்று ஒரு பலகை. பலகையை எழுதியது கையால்தான். உள்ளே உதவிப் பொறியாளர் தனபால், டர்க்கி டவல் போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் கணினி இயக்குகிற பெண் யாழினி. கணினித் திரையில் பெரிய எழுத்தில் 'அமைதி காக்கவும்' என்று இருந்தது. வருகிறவர்கள் யாராவது குரலை உயர்த்தினால் தனபால் பேசமாட்டார். விரலால் திரையைக் காட்டுவார். அவ்வளவு மரியாதையான அலுவலகம்.

"கீழ்மடைத் தாளு ஆயிருச்சுங்களா சார்?" என்றாள் சென்னியம்மாள்.

"யாழினி, அம்மாவுக்கு முயற்சி பண்ணிக் காட்டும்மா" என்றார் தனபால்.

யாழினி அச்சிடும் பொத்தானைச் சொடுக்கினாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. உடனே தனபால் விறைப்பாக எழுந்து நின்றார். யாழினி எழுந்தாள். வெளியே ஸ்டூலில் இருந்த காவலாளியும் எழுந்தார். தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று எண்ணி சென்னியம்மாள் பதறிப்போய் ஒதுங்கி, திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒரு கோழி நின்றது.

"ஏனுங்க, ஆரு வந்தாங்க?"

"நிர்வாகி" என்றார் தனபால் மெதுவான குரலில், திரையைக் காட்டி. கட்டத்துக்குள் இப்படி இருந்தது: 'இந்தச் செயல் உங்கள் நிர்வாகியால் தடைசெய்யப்பட்டுள்ளது.'

யாழினி 'சரி' என்பதைச் சொடுக்கினாள். கட்டம் மறைந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"பாருங்கம்மா" என்று தனபால் ஆரம்பித்தார். "இந்த ஆபீசுல எனக்கு மேல யாருமில்லீன்னு இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேன். என்னையவே ஒருத்தர் 'கூடாது'ங்கறாருன்னா அவரு சாதாரண ஆளா இருக்க முடியுங்களா? கலெக்டருகூட 'ஏன் செய்யல'ன்னுதான் கேப்பாரு. இவரு 'செய்யாதே'ங்கறாரு. என்ற இருவது வருச சர்வீசுல எனக்குப் புடிச்ச மாதிரி உத்தரவு போட்ட மொத அதிகாரி இவருதானுங்க. எந்திரிச்சு நின்னா நமக்கென்ன கொறஞ்சு போச்சு?"

"செரிங்க, அந்த நிர்வாகி யாருங்க? ஊடு எங்கீங்க? நான் போயிக் கால்ல உழுந்தாவது கேட்டுட்டு வாரேன்."

தனபால் யாழினியைப் பார்த்தார். யாழினி கூரையைப் பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. விஷயம் இதுதான்: பழைய அச்சுப்பொறிக்குள் பல்லி விழுந்து அது பழுதாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினார்கள். மாட்டின நாளிலிருந்து இந்த வாசகம். பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் வெளியே ஜெராக்ஸ் கடையில் போடலாம் என்றால் அதையும் நிர்வாகி தடைசெய்திருந்தார். நிர்வாகி யார் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, 'நிர்வாகி என்பவர் தங்கள் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். இல்லாதபட்சத்தில் அவர் எங்கு சென்றார் என்பதற்கு விளக்கம் அளிக்கவும்' என்று பதில் வந்திருந்தது. அதனால்தான் தனபால் முன்னெச்சரிக்கையாக இன்னொரு நாற்காலி போட்டு, தன்னுடையதைவிடப் பெரிய டர்க்கி டவலாகப் பார்த்து வாங்கி அதன்மேல் விரித்து வைத்திருந்தார். ஆள் வந்தால் உட்கார இடம் வேண்டாமா?

சென்னியம்மாளுக்கு எரிச்சல் வந்தது. "உங்க நிர்வாகிக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சாத்தான் வருவாருங்களோ?" என்று கேட்டுவிட்டு விருட்டென்று எழுந்து போனாள்.

அவள் கிண்டலாகக் கேட்டது. அரசாங்கத்தில் கிண்டல் என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. மறுநாள் காலை காவலாளி அவள் வீட்டு வாசலில் நின்றார். "சார் உங்க கொடிக்கால்லருந்து நல்ல வெத்தலையாக் கேட்டாருங்க. நீங்கதான் ரோசன சொன்னீங்களாம்ல."

தண்ணீர் வரும் என்றால் எதைத்தான் செய்ய மாட்டாள்? இருந்ததில் நல்ல இலையாகக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். கணினிக்கு முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு எலுமிச்சம்பழம். தனபால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "கீழ்மடைப் பாசனதாரர்கள் சார்பாகவும் அலுவலகத்தின் சார்பாகவும்" என்று தொடங்கி, மேசை விளிம்பைப் பிடித்தபடி ஒரு வேண்டுகோள் உரை நிகழ்த்தினார். யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டு சொடுக்கினாள். கட்டம் எழுந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

தனபால் தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல வாடுனாப்பல இருக்குதுங்களேம்மா. அதனால கோவிச்சுட்டாரோ?"

அவ்வளவுதான், சென்னியம்மாளுக்கு வந்ததே ஆத்திரம்! "வாடாம என்னங்க பண்ணும்? தண்ணி உட்டீங்களா? என்ற கொடி அங்க நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. நீங்க பொட்டிக்குச் சீர் வரிசை வெச்சிட்டு நிக்கறீங்க! இன்னிக்கோ நாளைக்கோ தண்ணி எட்டலீன்னா அத்தனையும் போச்சுங்க. வேரோட போச்சு!" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. தனபால் பழக்கதோஷத்தில் விரலை நீட்டித் திரையைக் காட்டப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை; அதிகாரி, அவ்வளவுதான்.

யாழினிதான் பேசினாள். "சார், சேலம் செவ்வாய்ப்பேட்டையில எனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் கடை இருக்குதுங்க. ஃபைஸான்னு ஒருத்தர். என்னென்ன தடை போட்டிருக்குதுன்னு பார்த்துச் சொல்லிருவாரு."

"நிர்வாகிய வேவு பாக்கச் சொல்றியாம்மா?"

"வேவு இல்லீங்க சார். எதெல்லாம் கூடாதுன்னு தெரிஞ்சாத்தான அதையெல்லாம் செய்யாம இருக்கலாம்?"

இந்த வாதம் தனபாலின் மனத்தை அப்படியே அள்ளிக்கொண்டது. அன்றே 'நடப்புக் கொள்கை அறியும் கூட்டம்' என்று பெயர் வைத்து, டீயும் காராசேவும் சொல்லி, ஃபைஸானுக்குப் போன் போடச் சொன்னார்.

ஃபைஸான் பஸ் பிடித்து மதியத்துக்குள் வந்துவிட்டான். பையைக்கூட இறக்காமல் கணினி முன் உட்கார்ந்தான். "இது ஒண்ணுமே இல்ல சார். இந்தப் பொட்டியில எதுக்கெல்லாம் தடை இருக்குன்னு பொட்டியையே கேட்டா சொல்லிடும். கறுப்பா ஒரு ஜன்னல் திறக்கும், அதுல ஒரே ஒரு வரி அடிச்சாப் போதும்." கறுப்பு ஜன்னலைத் திறந்தான். திறந்த வேகத்தில் அதற்குள் ஒரு வாசகம் வந்தது: கறுப்பு ஜன்னலைத் திறப்பதும் நிர்வாகியால் தடைசெய்யப்பட்டுள்ளது. அறை முழுக்க எழுந்து நின்றது. ஃபைஸானும் எழுந்து கையை இறுக்கி நேராக நின்றான்.

"என்ன சார், தேசிய கீதமா?" என்றான் உதட்டை அசைக்காமல்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "என்ன தடைன்னு பாக்கறதுக்கே தடை போட்டு வெச்சிருக்காங்க!"

"பாத்தீங்களா!" என்றார் தனபால் பெருமை தாங்காமல். "எவ்வளவு முன்யோசனை! என்ன உத்தரவுன்னே தெரியாத எடத்துல அத மீற முடியுங்களா? இந்த ஆபீசுல இதுவரைக்கும் ஒருத்தரும் எதையும் மீறுனதில்லீங்க. ஏன்னா ஒருத்தருக்கும் எதுவுந் தெரியாது."

சென்னியம்மாள் மூலையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபைஸான் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு சிரித்தான். "கவலப்படாதீங்கம்மா. கறுப்பு ஜன்னலுக்குத்தான் பூட்டுப் போட்டிருக்காங்க. பக்கத்துலயே நீலமா ஒண்ணு இருக்கு, அத மறந்துட்டாங்க." நீல ஜன்னலைத் திறந்து அந்த ஒரு வரியை அடித்தான். நடப்பில் இருக்கும் தடைகள் எல்லாம் பொலபொலவென்று திரையில் இறங்கின.

கூட்டம் தொடங்கியது. ஃபைஸான் ஒவ்வொன்றாகப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் தனபால் காராசேவு கடித்தபடி விளக்கம் சொன்னார்.

"கடிகாரத்த மாத்தக் கூடாது."

"மிக நல்ல கொள்கை. அது முக்கா மணி நேரம் பின்னாலதான் ஓடுது. அதனாலதான் இந்த ஆபீசுக்கு யாரும் லேட்டா வந்ததாப் பதிவே இல்லீங்க."

"வேலைய முடிச்சு வெளிய வந்ததும் சேமிச்சு வெச்சதெல்லாம் தானா அழிஞ்சிடும்."

"ஓஹோ! அதுதானா? நம்ம ஆபீசுல நிலுவைக் கோப்பே கெடையாதுன்னு கேடயமெல்லாம் வாங்கியிருக்கறோம். அதா பாருங்க, பீரோ மேல இருக்குது."

"தெனமும் காலையில எல்லாத்தையும் மறுபடி மொதல்லருந்து அடிக்கறது நானுங்க" என்றாள் யாழினி. அதை யாரும் குறிப்பில் சேர்க்கவில்லை.

"'அமைதி காக்கவும்'கிற படத்தத் திரையிலருந்து எடுக்கக் கூடாது. பென்டிரைவ் கூடாது. புதுசா பிரிண்டர் சேர்க்கக் கூடாது." ஃபைஸான் நிறுத்தினான். "இதுதான் சார் உங்க வெனை. புது பிரிண்டர அது ஏத்துக்கல. சார், தப்பா நெனைக்காதீங்க, இது ஆபீசுக்குன்னு செஞ்ச கொள்கையே இல்ல. பரீட்ச நடத்துற எடத்துக்குச் செஞ்சது. பசங்க காப்பி அடிக்கக் கூடாதுன்னு போடறது. பொட்டி மாட்ட வந்தவங்க அங்க போட்டத அப்படியே இங்கயும் போட்டுட்டுப் போயிருக்காங்க."

அறை அமைதி காத்தது. தனபால் காராசேவைக் கீழே வைத்தார். "அதனாலென்ன? நம்ம ஆபீசுல யாரும் காப்பி அடிக்கலைங்கறது இப்ப நிரூபணம் ஆயிருச்சில்ல?" என்றார்.

"அந்தத் தடைய எடுத்துப் போடுங்க சாமி" என்றாள் சென்னியம்மாள், ஃபைஸானைப் பார்த்து.

"எடுக்கறேம்மா. அதுக்கு மட்டும் நிர்வாகி சம்மதம் வேணும்." அவன் எதையோ சொடுக்கினான். திரை மங்கி, நடுவில் ஒரு கட்டம் வந்தது. 'தொடர, நிர்வாகி தமது விரலை வைக்கவும்.' அதற்குக் கீழே நிர்வாகியின் பெயரும் இருந்தது. தனபால் எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து படித்தார்.

கந்தப்பன்.

"எந்தக் கந்தப்பனுங்க?" என்றாள் யாழினி.

தனபாலுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! கணினி வந்தது ஆயுத பூசையன்று. பொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எல்லோரும் இலையைப் போட்டுச் சர்க்கரைப் பொங்கலில் கை வைத்த சமயத்தில், மாட்ட வந்தவன் எட்டிப் பார்த்து, "நிர்வாகின்னு ஒருத்தர் விரல் வைக்கணும் சார்" என்றான். தனபால் கையைப் பார்த்தார். முழங்கை வரை நெய். எல்லோர் கையிலும் நெய். எச்சில் கையால் பூசை போட்ட பொட்டியைத் தொடலாமா? வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த லஸ்கர் கந்தப்பனுக்கு மட்டும் யாரும் இன்னும் இலை போடவில்லை. "அப்பா கந்தப்பா, உன்ற கைதான் சுத்தமா இருக்குது, போயி ஒரு வெரல வெச்சுட்டு வா" என்று அனுப்பியதே தனபால்தான்.

அப்படியென்றால் இத்தனை நாள் அலுவலகமே எழுந்து நின்றது கந்தப்பனுக்குத்தான். தாள் வந்தால்தான் திறப்பேன் என்று மதகடியில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். தாளை வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தவரும் அவரேதான். அது அவருக்கே தெரியாது.

"அப்பக் கூப்புடுங்க அவர!" என்று துள்ளி எழுந்தாள் சென்னியம்மாள்.

"கூப்புட முடியாதுங்களே" என்றார் தனபால் வருத்தத்துடன். "தண்ணி போற காலத்துல லஸ்கர் மதக உட்டு நகரோணும்னா, இடம் விட்டகலும் ஆணைன்னு ஒண்ணு இருக்குது. அத பிரிண்டு போட்டுத்தான் குடுக்கோணும்."

ஃபைஸான் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். யாழினி முகத்தைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டாள். சென்னியம்மாள் சிரிக்கவில்லை. "அவரு இங்க வரக் கூடாது, அவ்வளவுதானுங்க? பொட்டி அங்க போலாமில்ல?" என்றாள்.

"அலுவலகச் சொத்து அலுவலகத்த உட்டு வெளிய போகக் கூடாதும்மா" என்று சொன்ன தனபால், பாதியில் நிறுத்தினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆனா ஒண்ணு. அலுவலகம்னா என்ன? செவுரா? வேப்பமரமா? அதிகாரி எங்க ஒக்காந்திருக்கறாரோ அதுதான் அலுவலகம். நானும் கூட வந்தன்னா பொட்டி வெளியவே போகலீன்னுதான அர்த்தம்?"

இருபது வருட சர்வீஸ் என்றால் சும்மாவா! கொடிக்கால்காரர்கள் வெற்றிலைக் கூடை ஏற்றுகிற குட்டியானை வண்டியைச் சென்னியம்மாள் நொடியில் வரவழைத்தாள். பின்தட்டில் மேசை, மேசைமேல் கணினி, அடியில் கரண்டு போனால் ஓடுகிற பேட்டரிப் பொட்டி, பக்கத்தில் டர்க்கி டவல் நாற்காலியில் தனபால். நிர்வாகியின் நாற்காலியையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டார்கள். திரையின் மேல் விளிம்பில் போன வருடத்துப் பூசைச் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. வண்டி ஆடி அசைந்து போனபோது வழியில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தனபால் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

அதிகாரியே வண்டியேறி வருவதைப் பார்த்த கந்தப்பன் பதறி எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டினார். அவர் எழுந்ததைப் பார்த்துத் தனபாலும் எழுந்தார். இவர் நிற்கிறாரே என்று அவர் உட்காரவில்லை. அவர் நிற்கிறாரே என்று இவரும் உட்காரவில்லை. இந்த நிலைமைக்கு எந்த விதியிலும் வழி சொல்லியிருக்கவில்லை.

"நிர்வாகி அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டுத் தனபால் விழுங்கினார். "அதாவது, கந்தப்பா... நீங்க... நீ ஒரு வெரலு வெக்கோணும்."

"மறுக்காவுங்களா?" என்றார் கந்தப்பன். "அன்னிக்கே வெச்சேனுங்களே. வெச்சுட்டு வந்து பாத்தாப் பொங்கல் தீந்து போச்சுன்னுட்டாங்க."

தனபால் வாய்க்காலைப் பார்த்தார். ஃபைஸான் கட்டத்தைத் திறந்தான். கந்தப்பன் விரலை வைத்தார். ஏற்கவில்லை. மறுபடி வைத்தார். ஏற்கவில்லை. விரல் முழுக்க மதகு கிரீஸ். சென்னியம்மாள் மடியிலிருந்து, தாம்பாளத்தில் மிஞ்சிய வெற்றிலைகளை எடுத்து, அந்த மனிதரின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். வாடிய இலைதான், ஆனாலும் துடைத்தது. இந்த முறை திரை பளிச்சென்று வெளிச்சமாகி, 'வருக, கந்தப்பன்' என்றது.

"ஆச்சு! இனி ஒரே ஒரு சொடுக்குதான்" என்றான் ஃபைஸான். அந்த நேரம் பார்த்துப் பேட்டரிப் பொட்டி கீய்ங் கீய்ங் என்று இரண்டு தடவை அழுதது. திரை அணைந்துவிட்டது.

மதகுப் பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரை போனதும் தனபால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "செரி, பேட்டரிய சார்ஜ் போட்டு எடுத்துட்டு நாளைக்கி வருவோம். நாளைக்கி ரெண்டாஞ் சனி. அப்பத் திங்கக்கெழம—"

"தடைய எடுத்திருந்தாலும் பிரிண்டர் ஆபீசுலயே இருக்கு சார். யாரும் ஏத்தல" என்றான் ஃபைஸான் மெதுவாக.

சென்னியம்மாள் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். கேட்டுக் கேட்டு, நடந்து நடந்து, தாம்பாளம் வைத்து, வண்டி வைத்து, கடைசியில் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லையே! "திங்கக்கெழம வரைக்கும் என்ற கொடி நிக்காதுங்க. நிக்காது. நீங்க வந்து பாக்கறப்ப அகத்திதான் நிக்கும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

கந்தப்பன் துடைத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனபாலைக் கேட்டார். "ஏனுங்க சார், அந்தப் பொட்டி சொல்றது நெசந்தானுங்களா? நாந்தான் நிர்வாகிங்களா?"

"பொட்டி பொய் சொல்லாது" என்றார் தனபால்.

"நிர்வாகி கூடாதுன்னா நீங்க கூடக் கேக்கோணுமுங்களா?"

"கேட்டுத்தான ஆகோணும்? இத்தன நாளும் கேட்டோமே."

"ஆகட்டும்னு சொன்னாலும் கேப்பீங்களா?"

இந்தக் கேள்வி தனபாலின் சர்வீசில் இதுவரை வந்ததில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். எழுந்து நின்றார்.

"அப்பச் செரிங்க" என்ற கந்தப்பன், இடுப்புச் சாவியை உருவிப் பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் மதகுச் சக்கரத்தைப் பிடித்துத் திருகினார். கிரீஸ் போட்ட திருகு முனகாமல் ஏறியது. பலகைக்கடியில் தண்ணீர் முதலில் நாக்கு நீட்டி, பிறகு பொங்கிக்கொண்டு கிளை வாய்க்காலில் பாய்ந்தது. ஓணான்கள் கரையேறி ஓடின. சென்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு போன தண்ணீர் முனையோடு கூடவே நடந்தாள். கொடிக்கால் வரைக்கும் நடந்தாள். வேருக்குள் அது இறங்குகிற சத்தம் கேட்டு, "குடி சாமி, குடி" என்று கொடியிடம் சொன்னாள்.

கொடி பிழைத்துக்கொண்டது. சில வாரங்களில் புதுத் துளிர் விட்டு, கை கொள்ளாமல் இலை வந்தது. முதல் கிள்ளலைக் கந்தப்பனுக்கென்று ஒரு கவுளிக் கட்டாகக் கட்டிக்கொண்டு, போகிற வழியில் அலுவலகத்துக்கும் இரண்டு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சென்னியம்மாள் உள்ளே நுழைந்தாள். நுழைந்தால், எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"மறுக்காவும் என்னங்க?" என்றாள் யாழினியிடம் கிசுகிசுப்பாக.

யாழினி திரையைக் காட்டினாள். தனபால் இரண்டு கடிதங்கள் தயாரித்திருந்தார். உரிய நேரத்தில் துணிந்து முடிவெடுத்துப் பாசனதாரர்களைக் காத்த நிர்வாகி அவர்களுக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று. திறப்பாணை இல்லாமல் மதகைத் திறந்த லஸ்கர் கந்தப்பனுக்கு மெமோ ஒன்று. இரண்டையும் அச்சிட விடாமல் கட்டம் எழுந்து நின்றது. ஃபைஸானைக் கூப்பிடலாம், ஆனால் நிர்வாகி விரல் வைக்காமல் அவனால் மட்டும் என்ன செய்ய முடியும்? யாழினி தினமும் காலையில் இரண்டு கடிதத்தையும் புதிதாக அடிக்கிறாள், தினமும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

"உங்க குட்டியானையக் கொஞ்சம் அனுப்புனீங்கன்னா, அலுவலகத்த மறுபடி மதகுக்குக் கொண்டு போயிருவேனுங்கம்மா" என்றார் தனபால், நின்றபடியே.

"வண்டி சும்மா இல்லீங்க சார், வெத்தல ஏத்திட்டுப் போயிருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் மதகுக்குப் போனாள்.

கந்தப்பன் சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். கவுளியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்ணா, உங்க மெமோவ அடிக்கறதுக்கு நீங்களே வந்து வெரலு வெக்கோணுமாம். கூப்ட்டாப் போவீங்களா?" என்று கேட்டாள்.

கந்தப்பன் ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்து, காம்பைக் கிள்ளி எறிந்தார்.

"மேலதிகாரி கூப்ட்டா மாட்டேங்கலாமுங்களா அம்மிணி? வந்து வெச்சுட்டுப் போறன். ஆனா நான் மதக உட்டு நகரோணும்னா, அதுக்கு மொதல்ல தாளு வரோணுமில்ல?"